டி.எம்.சி. கணக்கில் வராத உப்பு

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் தண்ணீருக்காக ஒரு நீண்ட சண்டை. தண்ணீரோடு வரும் இன்னொன்றைப் பற்றி இரு மாநிலங்களும் பேசுவதில்லை.

கேரளத்தில் உப்பு என்றால் மேற்கிலிருந்து வருவது. கடல் ஏறும், காயல் கரிக்கும், வயல் கெடும். இதைச் சமாளிக்க அந்த மாநிலம் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறது. எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் கடலோரத்தில் உப்பைத் தாங்கி வளரும் பொக்காளி நெல் இருக்கிறது. குட்டநாட்டு வயல்களுக்குள் கடல்நீர் புகாமல் தடுக்க 1970களில் தண்ணீர்முக்கத்தில் நீண்டதொரு தடுப்பணை கட்டப்பட்டது.

கடல் எட்டிப் பார்க்காத கிழக்குக் கோடியில் கதை வேறு. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை ஆகிய ஊர்களைப் பார்ப்பவர்களுக்கு இது கேரளம்தானா என்ற சந்தேகம் வரும். காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். காலில் ஒட்டுவது கரிசல். கேரள மண்ணில் பெரும்பகுதி புளிப்பேறிய செம்பொறை மண். சுண்ணாம்புச் சத்துள்ள, காரத்தன்மை கொண்ட கறுப்பு மண் அந்த மாநிலத்தில் குறிப்பிடும்படியாக இருப்பது சித்தூர் தாலுகாவில்தான். மழையும் அப்படியே. கேரளத்தின் சராசரி ஆண்டு மழை ஏறக்குறைய 3,000 மி.மீ. இந்தக் கிழக்கு ஊர்கள் அதில் பாதியை எட்டுவதே அரிது. போதாக்குறைக்குப் பாலக்காட்டுக் கணவாயின் காற்று. மார்கழியிலிருந்து மாசி வரை கிழக்கேயிருந்து வீசும் அந்த வறண்ட காற்று மண்ணில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது.

ஈரம் போகும். ஈரத்தில் கரைந்திருந்தது போகாது. இங்கேதான் உப்பின் கதை தொடங்குகிறது.

கணக்கு எளிது. ஓர் ஏக்கரில் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் அது ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாக்கில் லேசாகக் கரிக்கும், அவ்வளவுதான். மாடு குடிக்கும், தென்னை பொறுத்துக்கொள்ளும். ஆனால் அந்த ஒரு பாய்ச்சலில் வயலில் இறங்கியது 200 கிலோ உப்பு. ஒரு போகத்தில் பத்துத் தண்ணீர் கட்டினால் 2 டன். ஐம்பது கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் 40 மூட்டை. இவ்வளவு உப்பை மூட்டையாகச் சுமந்துவந்து யாராவது வயலில் கொட்டினால் ஊரே கூடிவிடும். தண்ணீரோடு வருவதால் யாரும் கண்டுகொள்வதில்லை. பயிர் இதில் எடுத்துக்கொள்வது மிகச் சொற்பம். மற்றதெல்லாம் மண்ணில் தங்க வேண்டும், அல்லது அடியில் இறங்கி வடிகால் வழியே ஆற்றுக்கோ பக்கத்துக் கிணற்றுக்கோ போக வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

தமிழில் இதற்குப் பழைய சொற்கள் உண்டு. உவர், களர். உவர் என்பது உப்புப் பூத்த நிலம். வேர் தண்ணீர் குடிக்க முடியாமல் பயிர் வாடும். களர் இன்னும் மோசம். சோடியம் ஏறி, மண் இறுகி, தண்ணீரே உள்ளே இறங்காது. கல்லாதவருக்கு வள்ளுவர் சொன்ன உவமை இந்தக் களர்தான் என்பதிலிருந்தே, இந்தப் பிரச்சினை பசுமைப் புரட்சியோடு வந்ததல்ல என்பது விளங்கும். கர்னாலில் இயங்கும் மத்திய மண் உப்புத்தன்மை ஆராய்ச்சி நிறுவனம் 1969ல் தொடங்கப்பட்டது. அதன் மதிப்பீட்டின்படி இந்தியாவில் உவராகவோ களராகவோ கெட்டுப்போன நிலம் 67 லட்சம் ஹெக்டேருக்கு மேல்.

சித்தூருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு, எல்லை தாண்டியதும் சித்தூர்ப்புழை ஆகிறது. பிறகு கண்ணாடிப்புழையாகிப் பறளியில் கல்பாத்திப்புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காகத் தமிழகமும் கேரளமும் 1970 மே மாதம் கையெழுத்திட்டு, 1958லிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கொண்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைச் சித்தூருக்குத் தமிழகம் தர வேண்டும். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யலாம். அந்தக் கெடு 1988ல் முடிந்தது. மறுபரிசீலனைதான் இழுத்துக்கொண்டே போனது. கோடை வந்தால் எல்லையில் போராட்டம், அறிக்கை, கடிதம், கூட்டுக் குழுக் கூட்டம் என்பது ஆண்டுச் சடங்கு. பேச்சு முழுவதும் ஒரே அலகில் நடக்கும்: டி.எம்.சி.

எல்லைக்கு இந்தப் பக்கமும் சூழ்நிலை பெரிதாக வேறல்ல. திருமூர்த்தி அணையிலிருந்து பாசனம் பெறும் நிலங்கள் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மண்டலத்துக்கு வாய்க்கால் தண்ணீர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். நடுவில் உள்ள காலத்துக்குக் கிணறும் ஆழ்துளையும்தான் கதி. தமிழகத்தில் விவசாய மின்சாரம் இலவசம். மோட்டாரைப் போட்டுவிட்டுப் படுக்கப் போகலாம். ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் பாறையோடு வெகுகாலம் குடித்தனம் நடத்திய தண்ணீர். கால்சியம், மெக்னீசியம், சோடியம், சில இடங்களில் ஃபுளோரைடு என்று எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சித்தூர் வட்டாரத்தின் நிலை இன்னும் மோசம். நிலத்தடி நீரை வரம்பு மீறி உறிஞ்சிய வட்டாரம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பட்டியல்களில் அதன் பெயர் பலமுறை வந்திருக்கிறது. பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2002ல் தொடங்கிய போராட்டம் உலகப் பிரசித்தம். கொக்கோ கோலா ஆலைக்கு எதிராக அங்கே எழுந்த புகார்களில், கிணறு வற்றியது ஒன்று. இருக்கும் தண்ணீர் சோறு வேகாத, குளிக்க முடியாத கடின நீராக மாறியது மற்றொன்று. 2004ல் ஆலை மூடப்பட்டது. அளவு குறையும்போது தரமும் கெடும் என்ற பாடம் மட்டும் ஆலையோடு சேர்த்து மறக்கப்பட்டுவிட்டது.

சித்தூருக்கு இப்போது ஒரு புதிய நம்பிக்கை இருக்கிறது. மூலத்தறை வலதுகரை வாய்க்காலை வரட்டாறு, வேலந்தாவளம் வரை நீட்ட வேண்டும் என்பது கிழக்குப் பஞ்சாயத்துகளின் நெடுநாள் கோரிக்கை. அந்தப் பணி கட்டம் கட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. காய்ந்த கரிசலுக்கு நல்ல தண்ணீர் வருவதை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் கரிசலுக்கு வாய்க்கால் தண்ணீர் கொண்டுபோன இன்னொரு திட்டத்தின் கதையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

துங்கபத்ரா அணையிலிருந்து 1953ல் பாசனம் தொடங்கியது. வறண்ட ராய்ச்சூர், கொப்பள், பெல்லாரி பகுதிகளில் பருத்தி, சோளம் போன்ற குறைந்த தண்ணீர்ப் பயிர்களுக்காகப் போடப்பட்ட திட்டம் அது. தண்ணீரைக் கண்டதும் தலைமடைக்காரர்கள் நெல் நட்டார்கள். கரிசலில் தண்ணீர் சீக்கிரம் வடியாது. வடிகாலும் வெட்டவில்லை. நிலத்தடி நீர்மட்டம் ஏறியது. அதோடு அடியில் தூங்கிக்கொண்டிருந்த உப்பும் ஏறியது. வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை மேலே விட்டுச் சென்றது. சுமார் ஒரு லட்சம் ஹெக்டேர் நிலம் இப்படிக் கெட்டது. தலைமடையில் உப்பு, கடைமடையில் வறட்சி. ஒரே வாய்க்காலின் இரண்டு முனைகளிலும் விவசாயி அழுத அபூர்வக் காட்சி.

சித்தூர் துங்கபத்ரா ஆகிவிடும் என்று சொல்லிவிட முடியாது. பரப்பு சிறியது, தென்மேற்குப் பருவமழை கொஞ்சமாவது வந்து மண்ணைக் கழுவிவிடுகிறது, நிலம் மேற்கு நோக்கிச் சரிகிறது. ஆனால் மண், பயிர் ஆசை, வடிகாலைப் பற்றிய அலட்சியம் மூன்றும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வாய்க்காலுக்குப் பணம் ஒதுக்கும் அரசுகள் வடிகாலுக்கு ஒதுக்குவதில்லை. வாய்க்கால் திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார். வடிகால் திறப்பு விழா என்று ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை.

மலைக்கு மேலே இடுக்கியின் கிழக்குச் சரிவில் கணக்கு கொஞ்சம் வேறு. மறையூர், காந்தளூர் பள்ளத்தாக்குகளும் மழை மறைவுப் பிரதேசம்தான். கரும்பும் காய்கறியும் ஓடை நீரில் விளைகின்றன. மறையூர் வெல்லம் 2019ல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே நிலம் சரிவானது, தண்ணீர் தங்காது, உப்பும் தங்காது. ஆனால் வயலில் இட்ட உரத்தில் கரைந்தது எதுவோ அது பாம்பாற்றில் இறங்கி, சின்னாற்றைச் சேர்த்துக்கொண்டு அமராவதி அணைக்கு வருகிறது. பாம்பாற்றில் கேரளத்துக்கு 3 டி.எம்.சி. என்று காவிரி நடுவர் மன்றம் 2007ல் தீர்ப்பளித்தது. பாலக்காட்டில் தமிழகம் மேல்மடை, கேரளம் கீழ்மடை. இங்கே தலைகீழ். அதாவது, தண்ணீரின் தரத்தைப் பற்றி ஒரு விதி எழுதினால் அது இரண்டு மாநிலங்களையும் ஒவ்வோர் இடத்தில் கட்டுப்படுத்தும், ஒவ்வோர் இடத்தில் காப்பாற்றும். இருவரும் ஒப்புக்கொள்ள இதைவிட நல்ல சூழ்நிலை கிடைக்காது.

உப்பை மறந்துவிட்டுத் தண்ணீரை மட்டும் பங்கிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலக உதாரணம் கொலராடோ ஆறு. 1944ல் அமெரிக்காவும் மெக்சிகோவும் போட்ட உடன்படிக்கை மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர்–அடி தண்ணீர் என்றது. தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 1961ல் அரிசோனாவின் வெல்டன்–மோஹாக் பாசனப் பகுதி தன் வயல்களுக்கு அடியில் தேங்கிய உப்பு நீரை இறைத்து ஆற்றில் விட்டது. எல்லைக்குக் கீழே மெக்சிகாலி பள்ளத்தாக்கில் பயிர்கள் கருகின. உடன்படிக்கைப்படி தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு சொட்டும் குறையவில்லை. 12 ஆண்டுகள் தகராறுக்குப் பின், 1973ல்தான் உப்புக்கு ஒரு வரம்பு எழுதப்பட்டது: இம்பீரியல் அணையில் இருப்பதைவிட பத்து லட்சத்துக்கு 115 பங்குக்கு மேல் கூடக் கூடாது, முப்பது பங்கு முன்பின் போகலாம்.

அதற்குப் பிறகு அமெரிக்கர்கள் செய்த இரண்டு காரியங்கள் கவனிக்கத் தக்கவை. ஒன்று, யூமா நகரில் உப்பு நீக்கும் மாபெரும் ஆலை. சுமார் 25 கோடி டாலர் செலவில் 1992ல் முடிந்தது. அடுத்த ஆண்டே வெள்ளத்தால் வடிகால் சேதமாகி நின்றது. அதன் பிறகு சோதனை ஓட்டங்களுக்கு மட்டும் சில மாதங்கள் இயங்கியது. மற்றது, ஆரவாரமில்லாத வேலை. மேலே கொலராடோ மாநிலத்தின் கிராண்ட் பள்ளத்தாக்கு, பழைய கடலடி வண்டல் இறுகிய பாறையின் மேல் அமைந்தது. மண் வாய்க்காலில் கசிந்த தண்ணீரும் வயலில் மிதமிஞ்சிக் கட்டிய தண்ணீரும் அந்தப் பாறையில் இறங்கி உப்பைக் கரைத்து ஆற்றுக்குக் கொண்டுவந்தன. 1974ல் இயற்றிய சட்டத்தின்கீழ் வாய்க்கால்களுக்குத் தளம் போட்டார்கள். கிளை வாய்க்கால்களைக் குழாயாக்கினார்கள். தெளிப்பு நீர், அளவான பாய்ச்சல் ஆகியவற்றுக்கு விவசாயிக்கே மானியம் கொடுத்தார்கள். ஆற்றுப் படுகை முழுவதும் நடந்த இத்தகைய பணிகளால் ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட உப்பு ஆற்றில் சேராமல் தடுக்கப்படுகிறது. ஆற்றில் கலந்த உப்பை ஆலை வைத்துப் பிரிப்பதைவிட, கலக்காமல் வயலிலேயே தடுப்பது மலிவு. இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு 25 கோடி டாலர் ஆனது. நமக்கு இலவசம்.

அப்படியானால் வாய்க்காலுக்கெல்லாம் கான்கிரீட் போட்டுவிடலாமா? இந்தக் கேள்விக்கு ஈரோட்டுப் பக்கத்தில் ஏற்கெனவே பதில் கிடைத்திருக்கிறது. 1950களில் பாசனத்துக்கு வந்த கீழ்பவானி வாய்க்காலுக்கு கான்கிரீட் தளம் போட 2020ல் எடுத்த முயற்சி விவசாயிகளையே இரண்டு அணியாகப் பிளந்தது. கடைமடைக்காரர்களுக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டும், அவர்கள் ஆதரித்தார்கள். வாய்க்கால் ஓரத்தில் கிணறு வைத்திருப்பவர்களும், கசிவு நீரை நம்பியிருக்கும் குளத்துப் பாசனக்காரர்களும் எதிர்த்தார்கள். வாய்க்காலுக்கு நஷ்டம் என்று பொறியாளர் எழுதும் கசிவு, கிணற்றுக்காரருக்கு வரவு. அதே கசிவு அடியில் உப்பு இருக்கும் இடத்தில் செலவு. எனவே சித்தூரில் எந்த இடத்தில் தளம், எந்த இடத்தில் மண் என்பதை கான்டிராக்டர் முடிவு செய்யக் கூடாது. அங்கங்கே கிணற்று நீரின் தரம் முடிவு செய்ய வேண்டும். கசிவு நல்ல நீராகக் கிணற்றைச் சேரும் இடத்தில் அதை விட்டுவிடலாம். கரிசலில் இறங்கித் தேங்கும் இடத்தில் தடுக்கலாம்.

சித்தூரில் ஆரம்பம் மோசமில்லை. கரடிப்பாறை, மூங்கில்மடை பகுதிகளில் கேரள அரசு சமுதாய நுண்பாசனத் திட்டங்களைத் தொடங்கியது. சித்தூர்த் தொகுதியைச் சேர்ந்த கே. கிருஷ்ணன்குட்டி 2018 முதல் 2021 வரை மாநிலத்தின் நீர்வளத் துறை அமைச்சராக இருந்தது இதற்கு ஒரு வலு. தனித்தனி விவசாயிக்குத் தனித்தனி மானியம் என்பதற்குப் பதிலாக, பல தோட்டங்களுக்கு ஒரே இடத்திலிருந்து தண்ணீரை இறைத்து, வடிகட்டி, குழாய் வழியே சொட்டு சொட்டாக வேருக்குக் கொண்டு சேர்ப்பது இதன் அடிப்படை. உரமும் தண்ணீரிலேயே கரைந்து அளவாகப் போகிறது. தண்ணீர் மிச்சமாகிறது என்பது எல்லோரும் சொல்லும் லாபம். அடிமண்ணுக்குள் இறங்கி உப்பைக் கரைக்க உபரித் தண்ணீர் இல்லை என்பது சொல்லப்படாத லாபம்.

ஆனால் சொட்டு நீர் சர்வரோக நிவாரணி அல்ல. அது உப்பை அழிப்பதில்லை, ஓரங்கட்டுகிறது. ஈரம் பரவும் வட்டத்தின் விளிம்பில் உப்பு வளையமாகச் சேரும். முதல் கோடை மழை லேசாகப் பெய்தால் அந்த வளையம் கரைந்து நேராக வேருக்கு வரும். மழை வந்துவிட்டதே என்று விவசாயி வால்வை மூடுவது அப்போதுதான். மூடக் கூடாது. உப்பு வெளிநோக்கியே நகரும்படி, நல்ல மழை பெய்து கழுவும் வரை சொட்டு நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த ஒரு சின்ன விஷயத்தை மானியப் படிவத்தோடு சேர்த்துச் சொன்னாலே பல தோட்டங்கள் பிழைக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது மண்ணைக் கழுவ உபரித் தண்ணீர் தேவை. அந்த வேலையை ஆழ்துளைத் தண்ணீரால் செய்யக் கூடாது. மழையாலோ வாய்க்கால் நீராலோ செய்ய வேண்டும். கழுவிய தண்ணீர் போக வடிகால் வேண்டும். களராகிவிட்ட இடத்தில் ஜிப்சம் இட்டு, பிறகு கழுவ வேண்டும். பயிரையும் பார்த்து நட வேண்டும். வெங்காயமும் பீன்ஸும் உப்பைக் கொஞ்சமும் பொறுக்காதவை, நெல் நடுத்தரம், பருத்தி, தென்னை பொறுமைசாலிகள். தண்ணீரைச் சோதிக்காமல் தென்னந்தோப்பில் ஊடுபயிராக வெங்காயம் வைத்துவிட்டு விதையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கெல்லாம் முதற்படி அளப்பது. தண்ணீரின் மின்கடத்தும் திறனைக் காட்டும் கருவி சட்டைப் பையில் அடங்கும். மின்கடத்தும் திறன் கூடினால் உப்பு கூடியது என்று அர்த்தம். மணக்கடவில் எத்தனை கன அடி போகிறது என்று எழுதிவைக்க ஆள் இருக்கிறார். அதே இடத்தில், அதே பேரேட்டில், பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு உப்பின் அளவையும் எழுதலாம். மூலத்தறையிலும், ஊருக்கு நான்கு கிணற்றிலும், மாதம் ஒருமுறை. கோடையில் எங்கே ஏறுகிறது, மழையில் எங்கே இறங்குகிறது என்பது இரண்டே ஆண்டில் தெரிந்துவிடும். எங்கே வடிகால் வெட்டுவது, எங்கே குழாய் போடுவது, எந்த ஆழ்துளையை நிறுத்துவது என்ற கேள்விகளுக்கு அரசியல்வாதியைவிட அந்தப் பேரேடு நல்ல பதில் சொல்லும்.

பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின் மறுபரிசீலனையில் கேரளம் கூடுதல் தண்ணீர் கேட்கிறது. தமிழகம் கையை விரிக்கிறது. இரண்டுக்கும் நியாயம் இருக்கலாம். ஆனால் 7.25 என்ற எண்ணைச் சுற்றியே ஒரு தலைமுறை போய்விட்டது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணும் வேண்டும் என்று கேட்பதற்கு எந்த மாநிலமும் ஒரு சொட்டுத் தண்ணீரையும் இழக்க வேண்டியதில்லை. தண்ணீர் தகராறு அடுத்த கோடையில் மறுபடி வரும். மழை பெய்தால் அடங்கும். மண்ணில் ஏறிய உப்பு மழைக்கு அவ்வளவு எளிதில் அடங்காது.